கணக்கு கேட்ட நாளிலிருந்து பேச்சு இல்லை

கேள்வி:

மேடம், எனக்கு 41 வயது. கடற்படையில் 22 வருடம் இருந்துவிட்டு, சென்ற வைகாசியில் விசாகப்பட்டினத்திலிருந்து சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்று வந்தேன். என்ஜின் ரூம் பக்கம் வேலை. ஊர் பாலக்கோடு அருகில். வீட்டில் அம்மா, மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன். படிப்புக்காகக் குடும்பத்தை ஊரிலேயே வைத்துவிட்டு நான் லீவில்தான் வந்துபோவேன். வந்த புதிதில் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். இப்போது நான் எதைச் சொன்னாலும் தப்பாகிறது. காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளை எழுப்பினால் அம்மாவே சத்தம் போடுகிறார். இத்தனை வருடம் அனுப்பிய பணத்துக்கு மனைவியிடம் கணக்கு கேட்டேன். நாற்பதாயிரம் போல இடிக்கிறது. அன்றிலிருந்து தேவைக்கு மேல் பேசுவதில்லை; பேசினாலும் முணுமுணுக்கிறார். மச்சான் மாந்தோப்பு குத்தகை எடுக்கப் பன்னிரண்டு லட்சம் கேட்கிறார். ஊர்க்காரர் ஒருவர் நூற்றுக்கு ஐந்து வட்டி, மாதாமாதம் கைக்கு வந்துவிடும் என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. இரண்டு பெக் போட்டால்தான் கண் சொருகுகிறது. ஓசூரில் செக்யூரிட்டி வேலை இருக்கிறது என்றார்கள். இருபது பேருக்கு வேலை சொன்னவன் கேட்டில் நிற்பதா? பேசாமல் மெர்ச்சன்ட் நேவியில் சேர்ந்து கப்பலுக்கே போய்விடலாமா?

பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

மெர்ச்சன்ட் நேவிக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒரு காரியம்: இந்த வாரமே போய்க் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் பிரச்சினை என்றால் காது டாக்டரிடம் அனுப்புகிறாரே என்று நினைக்க வேண்டாம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். உங்கள் முழுக் கடிதத்தில் மனைவி முணுமுணுக்கிறார், மகள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எல்லாரும் சண்டைக்கு வருகிறார்கள் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருந்ததோ டீசல் என்ஜினுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், இருபது வருடத்துக்கு மேல். எனக்கு இதையெல்லாம் சேர்த்துப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

தொடர்ந்த இரைச்சலால் வரும் கேள்திறன் குறைவு எல்லாச் சத்தத்தையும் சமமாகக் குறைப்பதில்லை. முதலில் அடிவாங்குவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகள். ஆண்களின் கட்டைக் குரல், பஸ் ஹாரன், மோட்டார் ஓடும் சத்தம் எல்லாம் வழக்கம்போல் கேட்கும். அதனால் காதில் ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் பெண்கள் பேசுவதும் குழந்தைகள் பேசுவதும் தெளிவில்லாமல் வரும். குரல் கேட்கும், சொல் புரியாது. உங்கள் மனைவி அடுப்பைப் பார்த்தபடி, குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில், ஃபேன் ஓடும்போது ஒரு வார்த்தை சொன்னால் பாதி உங்களிடம் வந்து சேராது. நீங்கள் "என்ன?" என்பீர்கள். அவர் திரும்பச் சொல்வார். மறுபடியும் "என்ன?" என்றால் "ஒன்னுமில்ல" என்று விட்டுவிடுவார். அந்த "ஒன்னுமில்ல"தான் உங்களுக்கு நன்றாகக் கேட்கும். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வீர்கள். இரண்டு முறை கேட்டும் காதில் வாங்காதவர் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக்கில் சொன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புவார்கள். ஆடியோமெட்ரி என்ற அந்தப் பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். காது மெஷின் தேவைப்பட்டால் அதற்கும் ஈசிஎச்எஸ்ஸில் வழி இருக்கிறது. குறைபாடு இருப்பதாக வந்தால், பணி முடியும்போது உங்களுக்கு நடந்த மருத்துவ போர்டின் காகிதத்தில் காதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பணியால் வந்த குறை என்று ஏற்கப்பட்டால் அதற்கென ஓய்வூதியப் பலன் கேட்க இடமுண்டு. ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் இதை மட்டும் சொல்லிவையுங்கள்: "என்ஜின் சத்தத்துல எனக்குக் காது மந்தமாயிருக்கும் போல, கொஞ்சம் என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க." காது நன்றாகவே இருக்கிறது என்று வந்தால் நல்லது, நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, நாற்பதாயிரத்துக்கு வருவோம்.

கப்பலில் ஸ்டோரில் ஒரு ஸ்பானர் குறைந்தாலும் எழுதிக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் கேட்டீர்கள், சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. உங்கள் மனைவிக்கு அது புரிய வழியில்லை. அவர் கடற்படையில் இருந்ததில்லை. கணவன் நோட்டும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து, 'மீதி எங்கே?' என்று கேட்டால், நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா வீட்டுக்குக் கொடுத்தாயா என்கிறார், அல்லது திருடினாயா என்கிறார்.

அந்த நாற்பதாயிரம் எங்கே போனது என்று எனக்கும் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் கணக்கில் ஏறாத பணம் எங்கே போகும் என்று ஓரளவு தெரியும். உங்கள் அப்பா தவறியபோது நீங்கள் கடலில் இருந்தீர்கள், காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதினாறு நாளும் யார் செலவு பார்த்தது? பந்தல், சாப்பாடு, வந்தவர்களுக்கு வேட்டி சேலை, பங்காளிகளுக்குச் செய்ய வேண்டியது. மகளிர் குழுவில் கடன் வாங்கிச் செய்துவிட்டு, பால் காசிலிருந்து வாராவாரம் அடைத்திருந்தால் அது எந்தத் தாளிலும் இருக்காது. மாடு செத்திருக்கலாம், போர்வெல் மோட்டார் எரிந்திருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதை உங்களிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம். தூரத்தில் இருக்கும் மனுசனுக்கு ஏன் கவலை என்று வீட்டுக்கு வீடு மறைக்கிற விஷயம்தான் இது.

கேட்டதை இப்போது திரும்ப எடுக்க முடியாது. நீண்ட விளக்கமும் வேண்டாம். "நான் கேட்ட விதம் சரியில்ல, அதை விட்டுடு" என்று ஒரு தடவை சொல்லுங்கள், போதும். மறுபடி அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அப்புறம் ஓய்வூதியக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், இருவர் பெயரிலும் சேர்க்க வங்கிக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் ஓய்வூதிய ஆணையை (பிபிஓ) திறந்து, மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே திருத்துவது சுலபம். பின்னால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவர் அலைவது கொடுமை. வருடம் ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். வார்த்தையால் சொல்ல முடியாத நம்பிக்கையை இந்தக் காகித வேலை சொல்லிவிடும்.

உங்கள் மனைவி பதினெட்டு வருடமாக அந்த வீட்டை நடத்தியிருக்கிறார். மும்முனை கரண்ட் எப்போது வரும், எந்த வயலுக்கு எந்தக் கேட்வால்வைத் திருப்ப வேண்டும், பால் சங்கத்தில் யாரிடம் எப்படிப் பேச வேண்டும், மகளுக்கு எந்த சார் டியூஷன் சரிப்படும், உங்கள் அம்மாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் நீங்கள் லீவில் வரும்போது, அந்த ஒழுங்கை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உங்களைக் கொண்டாடினார்கள். கறி எடுத்தார்கள், ஹொகேனக்கல் போனார்கள். நீங்கள் பார்த்த வீடு அந்த லீவு வீடு. இப்போது நீங்கள் பார்ப்பதுதான் மற்ற ஒன்பது மாதமும் இருந்த வீடு. அது உங்களுக்குப் புதிது.

புதுக் கப்பலுக்கு மாற்றலாகிப் போனால் முதல் நாளே யாரும் அதிகாரம் செய்வதில்லை. ஜாயினிங் ரொட்டீன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிபார்ட்மென்டாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். எவ்வளவு பெரிய சீஃபாக இருந்தாலும் அந்தக் கப்பலின் பைப்லைன் எப்படிப் போகிறது என்று நடந்து பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாட்ச், அதாவது காவல் முறைப் பணி, எடுப்பார். வீட்டிலும் அதைச் செய்யுங்கள். மூன்று மாதத்துக்குப் புதுச் சட்டம் ஒன்றும் போடாதீர்கள். ஐந்தரை மணி எழுப்புதலை இன்றே நிறுத்துங்கள். ராத்திரி பதினொன்றரை வரை படித்துவிட்டுப் படுக்கும் பிளஸ் டூ பெண்ணை ஐந்தரைக்கு எழுப்பினால் உங்கள் அம்மா சத்தம் போடாமல் என்ன செய்வார்? "வீட்டில் எதை நான் பார்த்துக்கட்டும்?" என்று மனைவியிடமே கேளுங்கள். காலையில் பால் கொண்டுபோய் ஊற்றுவதைக் கொடுக்கலாம், ராத்திரி மோட்டார் போடுவதைக் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் அவர் செய்கிற முறைப்படியே செய்யுங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல முறை தெரிந்திருக்கும். அதற்கு அந்த மூன்று மாதம் முடியும்வரை பொறுங்கள்.

கையெழுத்து வாங்குவதற்கு ஒரு நோட்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: மொய் நோட்டு. அதை ஒரு நாள் சாயங்காலம் எடுத்துவைத்து, மனைவியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத வருடங்களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை எல்லாவற்றுக்கும் போய் உங்கள் பெயரில் எழுதிவிட்டு வந்திருப்பார். யார் நமக்கு எவ்வளவு எழுதினார்கள், நாம் யாருக்கு இன்னும் திருப்பவில்லை, யார் வீட்டில் சண்டை, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, ஏன் இல்லை என்று எல்லாம் ஒவ்வொரு வரிக்கும் சொல்வார். ஊர் உங்களை 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடுகிறது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். (ஊருக்குக் கப்பலும் ஒன்றுதான், காஷ்மீரும் ஒன்றுதான், அதை விட்டுவிடுங்கள்.) உங்களுக்கு ஊரில் பெயர் இல்லாமல் போகவில்லை. வேறொருவர் கையெழுத்தில் நோட்டு நிறைய இருக்கிறது. எனக்கென்னவோ, அந்த நாற்பதாயிரத்தில் ஒரு பகுதியும் அங்கேதான் கிடைக்கும் என்று தோன்றுகிறது. கிடைத்தால் வாயைத் திறக்காதீர்கள்.

இனி மச்சான். பண விவகாரம் என் தொழில் இல்லை, நான் குடும்ப ஆலோசகர். ஆனால் என்னிடம் வருகிற முன்னாள் படைவீரர் வீடுகளில் சண்டை பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் தொடாமல் விட முடியாது.

உங்கள் கைக்கு வந்த மொத்தத் தொகையில் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், சேமநல நிதி, குழுக் காப்பீட்டுப் பணம் எல்லாம் நீங்கள் சம்பாதித்துச் சேர்த்தவை. அதில் பெரிய பகுதியாக இருக்கும் கம்யூட்டேஷன் மட்டும் வேறு மாதிரி. ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை படைவீரர்கள் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஈடாக 15 வருடம் மாத ஓய்வூதியம் குறைத்தே வரும். அகவிலைப்படியை மட்டும் குறைக்காத முழு ஓய்வூதியத்துக்கே கணக்கிடுவார்கள். 41 வயதில் வாங்கினீர்கள் என்றால் 56 வயதில்தான் முழு ஓய்வூதியம் திரும்ப வரும். இடையில் மகள் படிப்பு, கல்யாணம், பையன் படிப்பு எல்லாம் வந்து போகும். ஆக அது வந்து விழுந்த பணம் இல்லை. உங்களிடமே நீங்கள் வாங்கிய கடன். கடன் வாங்கி மாந்தோப்பு குத்தகை எடுப்பீர்களா?

மாங்காய் வியாபாரம் தெரிந்தவர்களுக்கே அது வருடத்துக்கு ஒரு மாதிரி. பூ நின்றால் காய் நிற்காது, காய் நின்றால் விலை நிற்காது. கிருஷ்ணகிரி பக்கம் கூழ் ஆலைகளை நம்பி பெங்களூரா ரக மாமரம் வைத்திருப்பவர்கள் 2025 பருவத்தில் விலை விழுந்து என்ன பாடுபட்டார்கள் என்று காவேரிப்பட்டணத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். உங்கள் மச்சான் நல்லவராக இருக்கலாம். அவருக்கு வருவது அவர் கையில் இல்லை.

நூற்றுக்கு ஐந்து வட்டிக்காரரைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது. எந்தத் தொழிலில் அவ்வளவு வருகிறது? 2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் மேற்கு மாவட்டங்களில் இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். முறையான பதிவு இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதே 2019-ல் வந்த மத்தியச் சட்டப்படி குற்றம். அவரிடம் ஒரு ரூபாய்கூட வேண்டாம், உறவுக்காரருக்குச் சிபாரிசும் வேண்டாம். ஓய்வு பெற்று வந்தவர் போட்டிருக்கிறார் என்றால் ஊரே போடும், உங்களைத் தேடி வந்ததே அதற்காகத்தான்.

ஒரு வருடம் அந்தப் பணம் அசையக்கூடாது. இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வைப்பு நிதியில் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் டெபாசிட் காப்பீடு. தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரில் 15 லட்சம் வரை போடலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கு 50 வயது ஆனால் போதும் என்று சலுகை இருக்கிறது. உங்களுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மச்சானிடம் சொல்ல ஒரு பதில் வேண்டுமல்லவா? "ஒரு வருஷத்துக்கு டெபாசிட் போட்டாச்சு மச்சான், நடுவுல எடுத்தா நஷ்டம்." இது பொய்யாகவும் இருக்காது. இதை நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். மனைவி மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். அவர் யாருடைய அண்ணன்? வீட்டில் கணக்குக் கேட்கும் கணவன், போனில் பணம் கேட்கும் அண்ணன். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரு பெண் கலகலவென்று பேசுவாள் என்று எதிர்பார்க்கிறோம். அவரை அந்த இடத்திலிருந்து விடுவியுங்கள். பேச்சு தானாக வர ஆரம்பிக்கும்.

பிற்பாடு உண்மையிலேயே தொழில் செய்ய ஆசை வந்தால், கைப்பணத்தைக் கொட்டாமல் செய்ய வழி இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்காக 2024 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 30 சதவீதம் மூலதன மானியமும், 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. வங்கி மேனேஜர் உங்கள் தொழில் திட்டத்தைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைவார். மச்சான்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்பதே ஒரு காரணம், இந்த வழியில் போகச் சொல்ல.

தூக்கம். நள்ளிரவு முதல் நான்கு மணி வரை மிடில் வாட்ச் பார்த்துப் பழகிய உடம்பு இரண்டு மணிக்கு விழிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எழுந்து கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா, மோட்டார் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அந்த வேலையின் மிச்சம்தான். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். காலை வெயில் படும்படி ஒரு நடை நடங்கள். மத்தியானத் தூக்கத்தை விடுங்கள். விழிப்பு வந்தால் மணி பார்க்காமல் படுத்திருங்கள். அரை மணியாகியும் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ரோந்து மட்டும் போகாதீர்கள்.

பெக் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மது கண்ணைச் சொருகவைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை உடைக்கும். இரண்டு மணி விழிப்புக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ராணுவ கேன்டீனில் மது வாங்கும் கோட்டா கையில் இருப்பதால் வீட்டில் பாட்டில் தீர்வதில்லை. மாசம் பிறந்தால் சித்தப்பா, பெரியப்பா, பள்ளிக்கூட நண்பன் என்று வரிசையாக நலம் விசாரிக்க வருவார்களே, அவர்கள் யாரைப் பார்க்க வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கோட்டா வாங்குவதை நிறுத்தினால் வரவும் குறையும், தூக்கமும் வரும். ஒரு மாதம் மதுவே இல்லாமல் இருந்து பாருங்கள். இருக்க முடியவில்லை, கை நடுங்குகிறது என்றால் தனியாக முயற்சி செய்ய வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 'இருந்தும் என்ன' என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்ததையும் படித்தேன். அந்த எண்ணம் திரும்ப வந்தால் எந்த நேரமானாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

வேலைக்கு வருகிறேன். கேட்டில் நிற்பது கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். 1986-ல் தமிழக அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாக எத்தனையோ முன்னாள் படைவீரர்கள் அந்த வேலை பார்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஆனால் உங்கள் கையில் இருக்கும் வேலை அது இல்லை. ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி தொழிற்சாலைகளில் யுடிலிட்டி என்று ஒரு பிரிவு இருக்கும். ஜெனரேட்டர், கம்ப்ரசர், சில்லர், பம்ப், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் கடலில், ஆடுகிற தரையில் நின்று செய்த வேலையை இங்கே ஆடாத தரையில் நின்று செய்ய வேண்டும். சிக்கல் எங்கே என்றால், பயோடேட்டாவில் 'சீஃப் பெட்டி ஆபீசர்' என்று எழுதினால் எச்ஆரில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. எந்தெந்த மெஷின், எத்தனை கிலோவாட், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள், என்னென்ன ஓவர்ஹால் உங்கள் பொறுப்பில் நடந்தது என்று எழுதுங்கள். ராங்க் கடைசி வரியில் வரட்டும். பாய்லர் பக்கம் போவதென்றால் மாநில அரசின் தகுதிச் சான்று தனியாக வேண்டும். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. வீட்டை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

அரசு வேலையையும் விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் நிலைப் பணிகளில் 14.5 சதவீதம் ஒதுக்கீடு. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் வயதிலிருந்து பணிக்காலத்தைக் கழிப்பார்கள். 41-ல் 22 போனால் 19. வந்த மீதி அந்தப் பதவியின் உச்ச வயதை 3 வருடத்துக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க ஓய்வூதியம் இருக்கிறது. மகளும் படிக்கிறாள், எதிரில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.

மெர்ச்சன்ட் நேவி முடியாதது ஒன்றுமில்லை. கடற்படையிலிருந்து போனவர்கள் உண்டு. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகளை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்து, மருத்துவத் தகுதி வாங்கி, மாலுமிக்கான சிடிசி என்ற அடையாளப் புத்தகம் எடுக்க வேண்டும். காது ரிப்போர்ட் அங்கேயும் கேட்பார்கள். கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிற ஏஜென்டிடம் போகவே கூடாது. கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் உள்ள நிறுவனங்கள்தான் ஆள் எடுக்கலாம். வேலை தருவதற்கு மாலுமியிடம் காசு வாங்க அவர்களுக்கும் அனுமதி இல்லை. உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது.

ஆனால் என் அபிப்பிராயம், இந்த வருடம் வேண்டாம். சம்பளத்துக்காக, மனைவியும் சரி என்று சொல்லி, மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு போனால் அது வேலைக்குப் போவது. இப்போது போனால் வீட்டைவிட்டு ஓடுவது. உங்கள் மகனுக்குப் பதின்மூன்று வயது. அப்பா லீவில் வருகிறவர் என்றே இதுவரை அவனுக்குத் தெரியும். அடுத்த வைகாசியிலும் இதே எண்ணம் இருந்தால் எழுதுங்கள், மறுத்துப் பேசமாட்டேன்.

கடைசியாக, தள்ளிப்போட முடியாத ஒரு வேலை. மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றிதழ் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். அங்கே இன்னும் பெயர் பதிந்து அடையாள அட்டை வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வந்து இத்தனை மாதமாகியும் அது என்ன சோம்பல்? டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ நகல், ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையே போங்கள். வேலைவாய்ப்புப் பதிவையும் அங்கேயே முடித்துவிடலாம். தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்த பிறகு பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு முதல் வருடமே விண்ணப்பிக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு மாதம் 3000 ரூபாய், பிளஸ் டூவில் 60 சதவீதம் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லை என்றால் ஈசிஎச்எஸ்ஸில் அவரையும் சார்ந்தவராகச் சேர்க்கலாம், அதற்கு என்ன காகிதம் வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து மகளையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. சான்றிதழில் அவள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று உங்களைவிட அவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.